விமானத்தைச் சுற்றி ஒரு சுண்ணாம்புக் கோடு

மேகவன நாட்டு மன்னர் விசயகண்டருக்கு வானத்தில் பறக்க ஆசை வந்தது. மன்னருக்கு ஆசை வந்தால் சும்மா விடுவாரா? கடல்கடந்த தேசத்து வணிகர் ஒருவரிடமிருந்து நின்ற இடத்திலிருந்தே மேலெழும்பும் விமானமே தருவித்துவிட்டார். ஆளுக்கு ஒரு பொன் வாங்கிக்கொண்டு தலைநகரிலிருந்து துறைமுகத்துக்கு மக்களை ஏற்றிச் செல்வது திட்டம். விமானம் வந்துவிட்டது, ஓட்டத்தான் ஆள் இல்லை.

வேலைக்கு இரண்டே பேர் வந்தார்கள். ஒருத்தி உமையாள், துறைமுகத்துப் படகோட்டியின் மகள். கடல்கடந்து போய் மூன்று வருஷம் விமானம் ஓட்டப் படித்தவள். இன்னொருவன் பொக்கிஷதார் தாண்டவராயரின் மச்சினன் குப்பண்ணன். சோதனையில் அவன் யானைக்கொட்டிலின் கூரையைப் பெயர்த்துவிட்டான். அதுவும் விமானம் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே.

"அதனால் என்ன? அவன் பேரில் ஒரு காசு கடன் கிடையாது" என்றார் பொக்கிஷதார்.

அரசவை விகடர் பிச்சாண்டாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குப்பண்ணனுக்குக் கடன் இல்லாதது உண்மைதான். அவனை நம்பி எவன் கொடுப்பான்?

உமையாளுக்கோ எண்ணூறு பொன் கடன். விமானம் படித்ததில் வந்த கடன். பொக்கிஷதார் விடுவாரா? 'கடன்பட்டவர் கை அரச விமானத்தில் படக்கூடாது' என்று ஓலை எழுதி, மன்னரின் முத்திரையும் வாங்கிவிட்டார்.

"கடன்காரியை நம்பலாமா, மகாராஜா? பாதி வழியில் விமானத்தை விற்றுவிட்டால்?"

"வாங்குகிறவர் மேகத்தில் நிற்பாரோ?" என்று கேட்டார் பிச்சாண்டார்.

சபை கலைந்ததும் உமையாள் பிச்சாண்டாரிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது. "ஐயா, வேலை கிடைச்சாத்தான் கடன் அடையும். கடன் அடைஞ்சாத்தான் வேலைங்கிறாங்க. நான் எந்தப் பக்கமா உள்ளே வர்றது? இந்த மாசம் கட்டலைன்னா அப்பா படகை ஜப்தி பண்ணிடுவாங்க."

பிச்சாண்டார் நேரே மன்னரிடம் போனார். "ஓலை ஒரு பக்கம் இருக்கட்டும், மகாராஜா. அந்தப் பெண்ணும் ஒருமுறை ஓட்டிக் காட்டட்டும். நீங்களே ஏறிப் பாருங்கள்." பறக்கும் ஆசையில் மன்னர் உடனே தலையாட்டினார்.

இந்தச் சேதி பொக்கிஷதார் காதுக்கு எட்டியது. மேகவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடன் கொடுத்தவன் கடன்பட்டவரைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிட்டால், கடனைக் கட்டும்வரை அந்தக் கோட்டைக் காலால் தாண்டக்கூடாது. தாண்டினால் சிறை. மன்னரின் பாட்டனார் போட்ட சட்டம் அது; மன்னருக்கும் சேர்த்துத்தான் போட்டிருந்தார்.

மறுநாள் காலை மன்னர் விமானத்தில் ஏறி அமர்ந்தார். முன்னால் உமையாள். பொக்கிஷதார் கண்ணைக் காட்டியதும் அவளுக்குக் கடன் கொடுத்த வட்டிக்காரர் ஓடிவந்து, விமானத்தைச் சுற்றிக் கோடு போட்டார்.

"மகாராஜா, நீங்கள் இறங்கி வாருங்கள். கோடு அவளுக்குத்தான்" என்றார் பொக்கிஷதார், பல்லெல்லாம் தெரிய.

மன்னர் எழுந்தார். உமையாளின் முகம் செத்துப்போயிற்று.

பிச்சாண்டார் கூட்டத்தைப் பார்த்தார். விமானம் விற்ற வணிகரின் குமாஸ்தா அங்கே நின்றிருந்தார். பாக்கியை வசூலிக்க மூன்று மாதமாக அரண்மனை வாசலில் காய்ந்துகொண்டிருக்கும் மனிதர்.

"ஐயா, உங்களுக்கு எவ்வளவு வரவேண்டும்?"

"நாற்பதாயிரம் பொன்."

"சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறதே!"

குமாஸ்தா ஒரு கணம் தயங்கினார். பிறகு மூன்று மாதக் கோபத்தையும் கையில் வைத்து, முதல் கோட்டின் மேலேயே தடிமனாக இன்னொரு கோடு இழுத்தார்.

"பிச்சாண்டாரே! நான் கடன்காரனா?" மன்னர் கர்ஜித்தார்.

"விமானத்துக்கே கடன், மகாராஜா. ஓலைப்படி பார்த்தால் உங்கள் கை அதில் படவே கூடாது."

மன்னர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "பொக்கிஷதாரே, கட்டும் பணத்தை!"

பொக்கிஷதார் கையை விரித்தார். "எங்கே போவேன், மகாராஜா? விமானம் ஓடினால்தானே கடன் அடையும்!"

"இதையேதான் அந்தப் பெண்ணும் சொன்னாள்" என்றார் பிச்சாண்டார்.

மன்னர் மெதுவாக உட்கார்ந்தார். "சரி, இப்போது நான் வெளியே வருவது எப்படி?"

"காலால் தாண்டக்கூடாது என்பதுதான் சட்டம். கோடு தரையில் கிடக்கிறது; மேலே யாரும் ஒன்றும் போடவில்லை. கடனே இல்லாத குப்பண்ணனைக் கூப்பிடட்டுமா?"

மன்னர் யானைக்கொட்டிலைப் பார்த்தார். அதற்கு இன்னும் கூரை வேயவில்லை.

"ஐயோ, வேண்டாம்! நீயே எடு, தாயே!"

உமையாள் விமானத்தை நேர்மேலே தூக்கினாள். கோட்டில் ஒரு துளி சுண்ணாம்பு கலையவில்லை. ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, வட்டத்துக்கு வெளியே பூப்போல இறக்கினாள். மன்னர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே இறங்கினார். ஓலை அங்கேயே கிழிபட்டது. உமையாள் விமானி ஆனாள். அவள் சம்பளத்தில் பாதி வட்டிக்காரருக்கு, பயணக் கூலியில் பாதி குமாஸ்தாவுக்கு என்று முடிவானது.

"பிச்சாண்டாருக்கு நூறு பொன் பரிசு!" என்றார் மன்னர்.

பொக்கிஷதார் தொண்டையைக் கனைத்தார். "அடுத்த மாதம் வந்து வாங்கிக்கொள்ளும்."

பிச்சாண்டார் குனிந்து, மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பொக்கிஷதாரை ஒரு சுற்றுச் சுற்றி வரத் தொடங்கினார்.