தாய்மாமன் மடிக்கு இரண்டு டிக்கெட்

விருதுநகர் கோமதிக்கு அண்ணன்மார் இரண்டு பேர். அவள் மகள் யாழினிக்குத் தை மாதத்தில் காதுகுத்து. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். வேண்டியதோ ஒரு மடி. மாமன்களோ இரண்டு பேர்.

லண்டனில் வேலை பார்க்கும் பெரியவர் வைரவேல் எதிலும் முந்திக்கொள்கிறவர். சின்னவன் குணசீலன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். லீவு கிடைக்காமல் தங்கை கல்யாணத்தையே போனில்தான் பார்த்தான். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. இந்த மடியையாவது விடக்கூடாது என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தான்.

வீண் பேச்சு வேண்டாமென்று பெரியவரே போனில் ஒரு வழி சொன்னார்.

“எனக்கு எட்டாயிரம் கிலோமீட்டர், அவனுக்கு மூவாயிரம். யார் முதல்ல வந்து சேருறாங்கன்னு பாத்தா நியாயமில்ல. யார் விமானம் முதல்ல கிளம்புதோ, அவங்க மடி.”

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இருவருக்கும் டிக்கெட் கிடைத்தது ஒரே வியாழக்கிழமைக்கு.

ஞாயிறு காலை, குலதெய்வம் கோயில். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். டிக்கெட்டுகள் வெளியே வந்தன.

வைரவேல் லண்டனில் வியாழன் காலை பத்து மணிக்குப் புறப்பட்டு, பத்தரை மணி நேரம் பறந்து, வெள்ளி அதிகாலை இரண்டு மணிக்குச் சென்னையில் இறங்கியிருந்தார். குணசீலன் சிங்கப்பூரில் வியாழன் பகல் ஒரு மணிக்குப் புறப்பட்டு, நான்கு மணி நேரம் பறந்து, அன்றே பகல் இரண்டரைக்குச் சென்னையில் இறங்கியிருந்தான்.

“பத்து மணி முந்தியா, ஒரு மணி முந்தியா?” என்று கேட்டுவிட்டு, வைரவேல் வேட்டியைச் சரிசெய்துகொண்டு சப்பணமிடப் போனார்.

குணசீலனுக்கு முகம் தொங்கிப்போனது. ஆனாலும் தன் டிக்கெட்டை இன்னொரு தடவை பார்த்தான்.

“அண்ணே, ஒரு மணிக்குக் கிளம்பி ரெண்டரைக்கு வந்தேன்னு இதுல இருக்கு. சிங்கப்பூர் என்ன, மதுரைக்குப் பக்கத்துலயா இருக்கு? நாலு மணி நேரம் முழுசா உக்காந்துல்ல வந்தேன்.”

“நல்ல நேரம் போய்க்கிட்டிருக்கு. யார் மடின்னு சொல்லுங்க” என்றார் ஆசாரி.

கோமதி குழந்தையோடு நடுவில் நிற்கிறாள். இரண்டு டிக்கெட்டிலும் பொய் இல்லை. கணக்குக்கு வேண்டியதெல்லாம் மேலேயே இருக்கிறது. சொல்லுங்கள், யாருடைய விமானம் முதலில் கிளம்பியது? யாழினி யார் மடியில் உட்கார வேண்டும்?

விடை: புறப்பட்ட நேரம் அந்தந்த ஊர்க் கடிகாரம் காட்டியது, இறங்கிய நேரம்தான் இருவருக்கும் சென்னைக் கடிகாரம். அதிலிருந்து பறந்த நேரத்தைக் கழித்தால், குணசீலன் கிளம்பியது சென்னை நேரப்படி வியாழன் காலை பத்தரை. வைரவேல் கிளம்பியது பிற்பகல் மூன்றரை. அண்ணன் விமானம் லண்டனை விட்டுக் கிளம்பும் முன்பே தம்பி சென்னையில் இறங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. விரல்விட்டு எண்ணிப் பார்த்த வைரவேல் வாய்விட்டுச் சிரித்தார். தன் பட்டுத் துண்டை எடுத்துத் தம்பியின் மடியில் அவரே விரித்தார். ஊசி இறங்கியதும் யாழினி கோயிலே அதிர அழுதாள். அவளை அணைத்திருந்த சின்ன மாமன் முகத்தில்தான் அவ்வளவு சிரிப்பு.