குளிரிழை

"எத்தனை தடவை திருத்தினாலும் என் கதை எந்திரிச்சு நடக்கவே மாட்டேங்குது, டீச்சர்" என்றார் ஞானதுரை.

சாத்தூரில் தையல் கடை வைத்திருந்தவர். மனைவி செல்லக்கனி பட்டாசு ஆலைத் தீயில் இறந்ததிலிருந்து கடை பூட்டிக் கிடக்கிறது. வேறொரு கிரகத்தைப் பற்றி நாவல் எழுதுகிறார். வேறு எதுவும் செய்வதில்லை.

நூருன்னிசா டீச்சர் ஞானதுரைக்கு இளையவர். அறிவியல் கதைகள் எழுதிப் பேர் வாங்கியவர்.

"உங்க கிரகத்துல புதுசா என்ன இருக்கு, அண்ணாச்சி?"

"ஒரு துணி. குளிரிழைன்னு பேரு. கடலடிப் பாசியிலிருந்து நூல் எடுப்பாங்க."

"என்ன விசேஷம்?"

"எவ்வளவு சூட்டுலயும் கருகாது. உடுத்தினவங்க மேல ஒரு கொப்புளம் வராது."

சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. நூல் எப்படி முறுக்குவார்கள், எந்தச் சாயம் ஒட்டும், பிள்ளைகளுக்கு என்ன சட்டை, பெண்களுக்கு எத்தனை முழச் சேலை என்று அடுக்கிக்கொண்டே போனார்.

டீச்சர் முழுவதும் கேட்டார்.

"அங்க எப்படிச் சமைக்கிறாங்க?"

"சமையல் கிடையாது. பழம், கிழங்கு. பச்சையாத் திம்பாங்க."

"விளக்கு?"

"பாசியே வெளிச்சம் குடுக்கும்."

"தீ?"

ஞானதுரை தலை குனிந்துகொண்டார்.

"அந்தக் காத்துல தீ பத்தாது, டீச்சர். நான் அப்படித்தான் வச்சிருக்கேன்."

"தீயே இல்லாத ஊருல அந்தத் துணி யாருக்கு?"

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அவளுக்குத்தான்."

"கதையில அவங்க எங்க?"

"இல்ல."

"ஏன் அண்ணாச்சி?"

"வந்தா வேலைக்குப் போவா, டீச்சர். சும்மா இருக்கமாட்டா. அவ போனா அங்க ஆலை வரும். வெடிமருந்து வரும். எல்லாம் வந்துரும்."

"துணியக் கட்டிக்கிட்டுத்தானே போவாங்க?"

"கட்டிக்கிட்டுத்தான் போவா. மேலு கருகாது. ஆனா புகை? அன்னைக்கு ஆலைக் கதவு அடைச்சுக் கெடந்துச்சே, டீச்சர். மூச்சு முட்டினா அந்தத் துணி என்ன செய்யும்?"

டீச்சர் மேசையிலிருந்த பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அந்தக் கேள்வியிலருந்து எழுதுங்க, அண்ணாச்சி."