மச்சானின் ரதமும் பவளாயியின் வடாமும்

செங்கழனி நாட்டு ராஜா தீரபூபதி எதிரிப் படைக்கு அஞ்சாதவர், புலிக்கு அஞ்சாதவர். ராணியின் தம்பி ஜெயதுங்கனுக்கு மட்டும் அஞ்சுவார். அவனை ஒரு வார்த்தை கடிந்துகொண்டால் போதும், அந்தப்புரத்திலிருந்து ஒரு வாரத்துக்கு உப்பில்லாச் சாப்பாடுதான் வரும்.

அந்த ஜெயதுங்கன் புதிதாக ஒரு ரதம் வாங்கினான். இரண்டு பக்கமும் கண்ணாடி பதித்த அன்னப்பறவை. வாங்கினால் ஆயிற்றா, நிறுத்த இடம் வேண்டாமா? ஊரில் உள்ள எல்லாப் பெரிய மனிதர்களையும் போல அடுத்த வீட்டு வாசலில் நிறுத்தினான்.

அடுத்த வீட்டுக்காரி பவளாயி. வடாம் போட்டு விற்றுப் பிழைப்பவள். புருஷன் இல்லை. வாய் இருந்தது.

“ஐயா, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. வெயில் படாம மாவு புளிச்சுப் போகுது.”

“வண்டியா? இது ரதம்!”

“ரதமோ கிதமோ, நிழல் ஒண்ணுதானே?”

அவன் தள்ளவில்லை, அவளும் விடவில்லை. தினமும் காலையில் தெருவுக்கே பொழுதுபோக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை, ரதத்தின் இடதுபக்க அன்னத்துக்குக் கழுத்தில் விரிசல் விட்டிருந்தது. ஜெயதுங்கன் நேராக சபைக்கு ஓடினான்.

“அத்தான்! என் ரதத்தை அந்த வடாம்காரி உடைத்துவிட்டாள்!”

பவளாயியை இழுத்து வந்தார்கள்.

“பார்த்தவர் உண்டா?” என்று கேட்டார் மந்திரி அம்பலவாணர். ஒல்லியான மனிதர், அவசரமே படமாட்டார்.

“பார்க்க வேறு வேண்டுமா? ரதத்தின் பக்கத்தில் அவள் குனிந்து நின்றதைத் தெருவே பார்த்தது. பக்கத்தில் நின்றவள்தான் உடைத்தவள்! அவள் வீட்டை இடித்து என் ரதத்துக்குக் கொட்டகை போட வேண்டும். அதுதான் நியாயம்.”

பார்த்தீர்களா, ஆசை எங்கே இருக்கிறதென்று!

பவளாயிக்கு அந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. ஆனாலும் குரல் மட்டும் இறங்கவில்லை. “நான் ஏன் குனிஞ்சேன்னு இவரையே கேளுங்க மகராஜா! புது ரதத்துக்குத் திருஷ்டி கழிக்கிறேன்னு என் வாசல்ல நூத்தெட்டுத் தேங்காய் உடைச்சாரு. என் வடாம் பூரா சில்லு. பொறுக்க வேண்டாமா?”

“அவள் வாசலில் ஏன் உடைத்தீர்கள்?” என்றார் அம்பலவாணர்.

“கண் பட்டதே அங்கிருந்துதானே!”

“நீங்களே உடைத்தீர்களா?”

“பின்னே? கண்ணை மூடிப் பக்தியோடு, என் கையாலேயே! இந்தக் கையின் பலம் வேறு யாருக்கு வரும்?”

ராஜா அரைமனதாகத் தலையை ஆட்டப் போனார். அம்பலவாணர் குறுக்கிட்டார்.

“மகாராஜா, தீர்ப்பு இருக்கட்டும். நூற்றெட்டுக் காய்க்கும் போகாத திருஷ்டி என்றால் சாதாரணத் திருஷ்டியா? நாளைக் காலை அதே இடத்தில் அதே கையால் இன்னொரு முறை கழிக்க வேண்டும். தங்கள் ரதமும் பக்கத்தில் நிற்கட்டும். ராஜரதத்தைப் பார்த்தால் எந்தத் திருஷ்டியும் பயந்து ஓடும்.”

ஜெயதுங்கனுக்குத் தலைகால் புரியவில்லை. ராஜரதமே தன் ரதத்துக்குத் துணை வருகிறது!

மறுநாள் மேளதாளம் முழங்கியது. தெருவெல்லாம் கூட்டம். ராஜா தூரத்தில் நாற்காலியில். பவளாயி தன் வாசற்படியில், கையில் முறம், வாயில் முணுமுணுப்பு. ஜெயதுங்கன் வேட்டியை மடித்துக் கட்டினான், கண்ணை மூடினான், காயை ஓங்கினான். சில்லுகள் நாலா பக்கமும் பறந்தன. மேளக்காரர் ஒருவர் தவிலைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டார்.

முப்பத்தேழாவது காய். ‘டணார்’ என்றொரு சத்தம்.

மேளம் நின்றது. ராஜரதத்தின் நெற்றியில் இருந்த கண்ணாடிச் சூரியன் இரண்டாகப் பிளந்திருந்தது.

“யார் செய்தது?” ராஜா கர்ஜித்தார்.

ஜெயதுங்கன் கண்ணைத் திறந்தான். முகம் வெளிறியது. “அத்தான்... சில்லு தெறித்துவிட்டது. வேண்டுமென்றா செய்தேன்? தேங்காய் தெறித்தால் யார் என்ன செய்ய முடியும்?”

“தேங்காயாவது, கண்ணாடியை உடைப்பதாவது!” என்றார் அம்பலவாணர். “இவர் நேற்றுச் சொன்ன நியாயத்தையே பார்ப்போம். பக்கத்தில் நின்றவர்தான் உடைத்தவர். ராஜரதத்தின் பக்கத்தில் நிற்பவர் யார் என்று தெருவே பார்க்கிறது. மகாராஜா, இவருடைய மாளிகையை இடித்துவிட்டு ராஜரதத்துக்கு ஒரு கொட்டகை போட்டுவிடலாமா?”

“ஐயோ, வேண்டாம்!” ஜெயதுங்கன் அலறினான். “சில்லுதான் அத்தான்! சத்தியமாகச் சில்லுதான்! கண்ணாடிக்கு அது போதும்!”

“எந்தக் கண்ணாடிக்கு?”

“இந்தச் சூரியனுக்கு.”

“அன்னத்துக்கு?”

ஜெயதுங்கன் பவளாயியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். “அதற்கும்... அதுதான் போலிருக்கிறது.”

“போலிருக்கிறதா?” பவளாயி முறத்தோடு இறங்கி வந்தாள்.

“அதுதான்! அதேதான்!”

தெரு சிரித்தது. ராஜா எழுந்தார். உப்பில்லாச் சாப்பாடு ஒரு நிமிஷம் நினைவுக்கு வந்திருக்கும். ஆனாலும் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். “வீடு பவளாயிக்கே. இனி அவள் வாசலில் ரதமும் நிற்கக் கூடாது, தேங்காயும் உடையக் கூடாது. மச்சான், உன் ரதத்தை உன் வீட்டுக்குள் நிறுத்திக்கொள்.”

அம்பலவாணர் தோளில் தன் பட்டுச் சால்வையையும் போர்த்தினார்.

ஜெயதுங்கன் தலையைச் சொறிந்தான். “அத்தான், அது வந்து... என் வாசல் குறுகல். ரதம் நுழையாது.”

“வாங்குமுன் அளந்து பார்க்கவில்லையா?”

“ரதத்தை அளந்தேன். வாசலை அளக்கவில்லை.”

“அதனாலென்ன, வாசலை இடித்துப் பெரிதாக்குங்கள்,” என்றார் அம்பலவாணர், சால்வையைச் சரிசெய்தபடி. “ஒரே ஒரு விஷயம். இடிக்கிற அன்றைக்குப் பவளாயியை வெளியூர் அனுப்பிவிடுகிறேன். செங்கல் உங்கள் தலையில் விழுந்தால், அவளைத்தானே கைகாட்டுவீர்கள்!”

ராஜா சிரித்த சிரிப்பில் ரதத்துக் குதிரைகள் இரண்டும் மிரண்டன.