நாலு விரற்கடை மட்டம்

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பல்லெல்லாம் இங்கேயே கொட்டிப்போகட்டும்.

தனுஷ்கோடி கேட்டான்.

“மேடம், தப்பு என்னோடதா, சடகோபனோடதா?”

லூர்து மேடம் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

தனுஷ்கோடி ஆர்க்கிடெக்ட். கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று வரைகிறவன். சடகோபன் என்ஜினியர். வரைந்தது விழாமல் நிற்பதற்குக் கணக்குப் போடுகிறவன். இரண்டு பேரும் லூர்து மேடத்தின் மாணவர்கள்.

அந்தக் காலத்தில் அந்தக் கல்லூரியில் இரண்டு டிபார்ட்மென்டும் ஒரே குழாயில்கூடத் தண்ணீர் பிடிக்காது. படம் போடுகிற பசங்க என்று இவர்களை அவர்கள் சொல்வார்கள். கம்பி எண்ணுகிற பசங்க என்று அவர்களை இவர்கள் சொல்வார்கள். மேடம்தான் இரண்டு கூட்டத்தையும் இழுத்து வந்து ஒரே மேசையில் உட்காரவைத்தார்.

மேடத்தை லேசாக நினைக்க வேண்டாம். அவர் “மட்டம்” என்று ஒரு சொல் சொன்னால் கேன்டீன் டம்ளர்களில் தண்ணீர் ஆடாமல் நிற்கும். கோணல் தரையில் உருண்டுபோகிற கோலிக்குண்டு அவரைக் கண்டால் பாதி வழியில் நின்றுவிடும். நானே பார்த்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவர் மட்டத்தைப் பற்றிப் பாடம் எடுத்த அன்று, தனுஷ்கோடியும் சடகோபனும் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டார்கள். ஒரே சைக்கிள். மிதித்தது சடை, பின்னால் உட்கார்ந்தது கோடி. மேட்னி ஷோ.

மறுநாள் மேடம், மட்டத்துக்கே மட்டமா என்று மட்டும் கேட்டாராம். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

படித்து முடித்தார்கள். ஒரே பலகையில் இரண்டு பேர் பெயரையும் எழுதி மாட்டி, ஒன்றாகவே தொழில் செய்தார்கள். இவன் பேச ஆரம்பித்தால் அவன் முடிப்பான். அவ்வளவு பழக்கம் இருந்ததால் எதையும் கேட்டுக்கொள்வதே இல்லை.

அப்புறம் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி வந்தது.

பழைய நடைவழிக்குப் பக்கத்தில் புதிய வார்டு. நடையும் வார்டும் ஒரே மட்டம் என்று தனுஷ்கோடி படத்தில் எழுதினான். அவனுக்கு மட்டம் என்றால் கல் பதித்து முடித்த தரை. சடகோபனும் அதே மட்டம் என்று எழுதினான். அவனுக்கு மட்டம் என்றால் கான்கிரீட். அந்தக் கான்கிரீட்டின் மேல் கலவை கொட்டிக் கல் பதித்தபோது, வார்டு நடையைவிட நாலு விரற்கடை உயர்ந்துவிட்டது.

வாசலில் ஒரு படி. அவ்வளவுதான்.

தள்ளுவண்டி வரும்போதெல்லாம் ஆள் கூப்பிட்டுத் தூக்கினார்கள். ஒரு நாள் ஒரு பெண் வலியோடு வந்தாள். தூக்க ஆள் வர நேரமாகிவிட்டது. வண்டி அந்தப் படியில் இடித்துக்கொண்டு நின்றது.

தாய் பிழைத்தாள்.

இரண்டு பேரும் தத்தம் படத்தை விரித்துவைத்துக்கொண்டு கத்தினார்கள். இரண்டு படமும் சரி. எந்தப் படத்திலும் பிசகில்லை. அன்றைக்குப் பெயர்ப்பலகையைக் கழற்றியவர்கள், அப்புறம் ஒருவரோடொருவர் பேசவில்லை.

பங்குனியில் சடகோபன் செத்துப்போனான். தனுஷ்கோடி போனான். தெருமுனைவரைக்கும் போனான். பந்தலைப் பார்த்தபடி நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டான்.

இப்போது மேடம் அவனைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். இரண்டு டிபார்ட்மென்ட் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கப் புதிதாக ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். அந்த அறையில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கான்கிரீட் முடிந்தது, கல் இன்னும் பதிக்கவில்லை. தனக்கு வயதாகிவிட்டது, இனி இந்த வகுப்பை நீ எடு என்றார்.

தப்பு யாருடையது என்று தெரியாமல் பிள்ளைகள் முன்னால் நிற்க என்னால் ஆகாது என்றான் அவன்.

மேடம் டீயைக் குடித்து முடித்தார். கைப்பையிலிருந்து ஒரு சாக்கட்டியை எடுத்து நீட்டினார்.

“இந்தச் சுவத்துல மேசைப் பலகை பதிக்கணும், கோடி. பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்து உக்கார்ற பலகை. மூணடி மட்டம் போடு.”

தனுஷ்கோடி டேப்பை இழுத்தான். பழக்க தோஷம், வரப்போகிற கல்லுக்கு நாலு விரற்கடை விட்டு அளக்கப் போனது கை.

நின்றான்.

சைக்கிளை மிதித்த முதுகு நினைவுக்கு வந்தது. வியர்வையில் ஒட்டிக்கொண்ட சட்டை.

இது ஒன்றாவது அவன் கணக்கில் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான். குனிந்து, டேப்பை வெறும் கான்கிரீட்டில் ஊன்றி, மூன்றடிக்குக் கோடு போட்டான். கோடு நேராக வந்தது.

பக்கத்தில் ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கிக்கொண்டிருந்தது. மேடம் எழுந்து போய் அதைக் கழற்றினார்.

பைக்குப் பின்னால் இன்னொரு கோடு.

அதன் நுனியில் மட்டத்தைக் குறிக்கிற தலைகீழ் முக்கோணம், அதற்கொரு வால். அந்த வாலை உலகத்தில் ஒருத்தன்தான் போடுவான்.

“சடையா?”

“தை மாசம் வந்தான். நீ கேட்டதையேதான் கேட்டான். நானும் இதே வேலையைத்தான் கொடுத்தேன்.”

“அவன் கான்கிரீட்லேர்ந்துதானே மேடம் அளப்பான்?”

“இந்த ஒண்ணாச்சும் கோடி கணக்குல இருக்கட்டும்னு சொன்னான். கல்லுக்கு இடம் விட்டு அளந்தான்.”

தனுஷ்கோடி இரண்டு கோட்டுக்கும் நடுவில் கையை வைத்தான்.

நாலு விரலும் சரியாகப் பொருந்தின.

கையை எடுக்க மனம் வரவில்லை. சுவர் சில்லென்றிருந்தது.

அப்புறம், திரும்பாமலே கேட்டான்.

“பலகையை எந்த மட்டத்துல வைக்கிறது, மேடம்?”

லூர்து மேடம் மஞ்சப்பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அந்தக் கேள்விதாண்டா அன்னைக்குப் பாடம்.”

இவ்வளவுதான் நடந்தது. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும், டீக்கடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள்.