கொசுவைவிட மெல்லிய சத்தம்

ஹமீதா மாடியேறி வந்தபோது சோதனை அறையின் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. திறந்த கதவு வழியாக நாற்காலி தெரிந்தது. அது சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அதில் ஓர் இளம்பெண் ஹெட்போன் மாட்டி, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணாச்சி இது?"

"கள்ளாட்டம், மேடம்" என்றார் சுடலைமணி.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. தூத்துக்குடியில் முப்பது வருடம் மைக்செட் வைத்திருந்தவர். எட்டு மாதமாக, தன்னைவிட இருபத்து மூன்று வயது இளையவளான ஹமீதாவிடம் காது சோதிக்கும் வேலையைக் கற்று வந்தார்.

சோதனை எளிமையானது. கணினியிலிருந்து ஹெட்போனுக்கு ஓர் ஒலி போகும். கேட்டால் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். ஒலி குறைந்துகொண்டே போகும். கடைசியாகக் கேட்டது எதுவோ, அதுவே அவருடைய காதின் எல்லை.

அந்தப் பெண் ரெக்ஸ்லின். துறைமுகத்தில் கிரேன் ஓட்ட ஒரு நிறுவனம் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. காது நன்றாக இருக்கிறது என்ற சான்று இன்று ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த வேலை, பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அப்போது மணி நான்கு இருபது.

"இந்தப் பொண்ணு சத்தம் கொடுக்கதுக்கு முன்னாலயே பொத்தானை அமுக்குதா மேடம். கண்ணாடி வழியா என் முழங்கை அசையுததைப் பாக்காளோன்னு நினைச்சுப் பேப்பரை ஒட்டினேன். அப்பவும் அமுக்குதா. நாற்காலியைத் திருப்பினேன். அப்பவும்! நான் மவுஸைத் தொட்டாப் போதும், அங்க பொத்தான் அமுங்குது."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"என்னமோ கேக்குதாம். நானும் மாட்டிப் பாத்துட்டேன். கல்லறை மாதிரி இருக்கு."

தாளில் அவர் ஏற்கெனவே எழுதியிருந்தார்: 'பதில்கள் நம்பத்தக்கவை அல்ல.' கீழே ஹமீதாவின் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

ஹமீதா உள்ளே போய், சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தாள். ரெக்ஸ்லின் ஹெட்போனைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"நான் ஏமாத்தலை மேடம்."

"எப்படிக் கேக்குது?"

"கொசு மாதிரி. ஆனா அதைவிட மெல்லிசு. எப்பவும் இருக்கு. அந்த சார் மவுஸை அசைச்சா லேசா மாறுது. அதுதான் நீங்க கொடுக்கிற சத்தம்னு நினைச்சு அமுக்கினேன்."

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"மூணு தடவை சொன்னேன். நாற்காலியைத் திருப்பினாரு."

ஹமீதா எழுந்து வெளியே வந்தாள்.

"இந்த வாரம் இங்க எதை மாத்தினீங்க, அண்ணாச்சி?"

"ஒண்ணையும் மாத்தலையே. லேப்டாப் சார்ஜர் மட்டும். பழசை எலி கடிச்சிட்டு. நேத்து நானே கடைக்குப் போய் மலிவா ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்."

அவள் பார்வை போன இடத்தை அவரும் பார்த்தார். முகம் இறுகியது.

"சார்ஜர் கரண்டு கொடுக்குது. சத்தம் சவுண்டு கார்டுல இருந்து வருது. கரண்டு கொடுக்கிறதை மாத்தினா சத்தம் மாறிருமா மேடம்? முப்பது வருசம் மைக்செட் கட்டினவன் நான். இரைச்சல் இருந்தா எனக்குத் தெரியாதா?"

ஹமீதா சோதனை அறைப் பக்கம் திரும்பினாள். ரெக்ஸ்லினை மறுபடி ஹெட்போன் மாட்டச் சொன்னாள். பிறகு சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கினாள்.

சுவரைப் பார்த்திருந்த தலை சட்டென்று நிமிர்ந்தது.

"போயிட்டு!"

செருகினாள்.

"வந்துட்டு."

ஐந்து முறை பிடுங்கிச் செருகினாள், சில முறை உடனே, சில முறை நெடுநேரம் காத்திருந்து. ஐந்து முறையும் ரெக்ஸ்லின் சரியாகச் சொன்னாள்.

சுடலைமணி உள்ளே போய் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஹமீதா பிடுங்கினாள். செருகினாள். மறுபடி பிடுங்கினாள். வெளியே வரும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

ஹமீதா அவர் எழுதிய தாளைக் கிழித்தாள். "கரண்டோட இரைச்சல் சவுண்டு கார்டுக்குள்ள கசியுது. முதல்லேர்ந்து ஆரம்பிங்க. சார்ஜர் இல்லாம."

"பாட்டரி பதினோரு சதவீதந்தான் இருக்கு. கிழட்டு பாட்டரி. ரெண்டு காதுக்கும் பன்னிரண்டு நிமிசம் வேணும். நடுவுல அணைஞ்சா எல்லாம் போச்சு. இந்த மென்பொருள் வேற எந்த லேப்டாப்பிலயும் கிடையாது."

"பேசினா பாட்டரி ஏறாது, அண்ணாச்சி."

அவர் தொடங்கினார். வலது காது. ஓர் ஒலி, ஓர் அழுத்தம். ஒலி இல்லாத இடைவெளியில் திரையில் அழுத்தம் எதுவும் பதியவில்லை. அவர் மவுஸைச் சும்மா நகர்த்திப் பார்த்தார். அப்போதும் பதியவில்லை.

வலது காது முடிந்தது. ஆறு சதவீதம். நான்கு முப்பத்தெட்டு.

இடது காது. துறைமுகப் பக்கம் கப்பல் ஒன்று ஊதியது. அது அடங்கும்வரை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. அந்த ஊதல் அவ்வளவு நீளும் என்று இத்தனை வருடத்தில் அவர் கவனித்ததே இல்லை.

மூன்று சதவீதம். திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. அவர் கை தானாகவே சார்ஜரை நோக்கி நீண்டது.

ஹமீதா பிளக்கின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

அவர் கையை இழுத்துக்கொண்டு அடுத்த ஒலியைக் கொடுத்தார். மிகச் சிறியது. உள்ளே ஒரு விநாடி எதுவும் நடக்கவில்லை. பிறகு விரல் அழுத்தியது. இன்னும் சிறியது. அழுத்தியது. அதற்கும் கீழே ஒன்று. விரல் அசையாமல் இருந்தது. எல்லை கிடைத்துவிட்டது.

"சேமிங்க" என்றாள் ஹமீதா. சேமித்தபின், "இப்பச் செருகுங்க" என்றாள்.

இரண்டு காதுகளும் நன்றாக இருந்தன. சான்று நான்கு ஐம்பத்து மூன்றுக்குப் போனது. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், கிடைத்தது என்று பதில் வந்தது.

ரெக்ஸ்லின் தன் பிரதியை மடித்துப் பைக்குள் வைத்தாள். "வாரேன் மேடம்" என்றாள். ஹமீதாவிடம் மட்டும். படியிறங்கும் சத்தம் தெரு வரைக்கும் வேகமாகப் போயிற்று.

சுடலைமணி கண்ணாடியிலிருந்து பேப்பரைக் கிழித்தார். பசை வரவில்லை. நகத்தால் சுரண்டினார். சுரண்டியபடி, திரும்பாமலே கேட்டார்.

"நாளைக்கு நல்ல சார்ஜரா வாங்கிருதேன் மேடம். ஆனா என் காதுக்கு எட்டாத சத்தம் ஒண்ணு இருந்தா, நான் எப்படித்தான் கண்டுபிடிக்க?"

"அதுக்குத்தான் அண்ணாச்சி, பொத்தானை அவங்க கையில கொடுக்கிறோம்."