கறுத்த குப்பியும் கறுக்காத குப்பியும்

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கதையில் மூன்று பேர் பேசுகிறார்கள். மூன்று பேரும் நல்லவர்கள்தான். சிக்கலே அதுதான்.

கொள்ளிடத்தின் நடுவே மேலத்திட்டு என்றொரு ஊர். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத நாளில், அணையைத் திறந்துவிட்டதால் ஆறு ஊருக்குள் புகுந்துவிட்டது. சனங்கள் பள்ளிக்கூடத்து மாடியில் ஏறிக்கொண்டார்கள். விறகெல்லாம் ஊறிப்போயிற்று, கேஸ் தீர்ந்துவிட்டது, பிளீச்சிங் பவுடர் மூட்டை ஆற்றோடு போய்விட்டது. கையோடு கொண்டுவந்த குடிதண்ணீரும் குறைந்துகொண்டே வந்தது. இறங்கினால் ஆறு, இருந்தால் தாகம். அந்த மாடியை நினைத்தால் எனக்கே மூச்சு முட்டுகிறது.

ஊர் நர்ஸ் செங்கமலம் தடுப்பூசி வைக்கும் ஐஸ் பெட்டியைத் தலையில் சுமந்து காப்பாற்றியிருந்தாள். தண்ணீரைச் சோதிக்கும் சிறு குப்பிகள் இரண்டும் அவள் பையில் இருந்தன. தண்ணீரை ஊற்றி ஒரு நாள் வைத்துவிட வேண்டும். கெட்ட கிருமி இருந்தால் குப்பியில் உள்ள மருந்தைத் தின்று பெருகும். பெருகினால் தண்ணீர் கறுக்கும். கரண்டும் வேண்டாம், ஆய்வுக்கூடமும் வேண்டாம். ஒன்றில் படிக்கட்டோரம் வெள்ளத்தில் நின்ற அடிபம்பின் தண்ணீரையும், இன்னொன்றில் கழுவி எத்தனை நாளானதோ தெரியாத மாடித் தொட்டியின் தண்ணீரையும் பிடித்தாள்.

வேலைக்கு வந்த நாள் முதலாகத் தடுப்பூசியைக் குளிரிலேயே வைத்துக் காத்த கை அது. தொட்டித் தண்ணீர்க் குப்பியை ஐஸ் பெட்டிக்குள் பத்திரமாகச் செருகினாள். இன்னொன்றுக்கு இடமில்லை. பக்கத்திலிருந்த தையல்நாயகியிடம் அதைக் கொடுத்து, உடையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். தையல்நாயகி ஒரு அடைக்கோழியைக் கூடையோடு தூக்கி வந்திருந்தாள். கிட்டே போகிறவர்களை எல்லாம் கொத்துகிற கோழி. அதற்கு அடியில் வைத்தால் எவரும் தொட மாட்டார்கள் என்று குப்பியை அங்கே வைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் எடுத்துப் பார்த்தார்கள். கோழிக்கு அடியில் இருந்தது மையாகக் கறுத்திருந்தது. பெட்டியில் இருந்தது அப்படியே தெளிவாக இருந்தது.

அதற்குள் குடிதண்ணீர் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. தையல்நாயகியின் நான்கு வயது மகன் கபிலன் முதல் நாளே ஆற்றுத் தண்ணீரைக் குடித்திருந்தான். விடிந்ததிலிருந்து பேதி நிற்கவில்லை. கண் குழிவிழுந்து, தலை தொங்கிக் கிடந்தான். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் நர்சிடம் இருந்தது. நம்பிக் கரைக்கத்தான் தண்ணீர் இல்லை. அடுத்த நாள் காலையில்தான் படகு வரும், டாக்டரும் அதில் வருவார் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

தொட்டித் தண்ணீர் தெளிவாக இருப்பதால் பிள்ளைக்கும் கொடுக்கலாம், எல்லாருமே தாராளமாகக் குடிக்கலாம் என்றாள் செங்கமலம். தலைமையாசிரியர் ஞானப்பிரகாசம் குறுக்கே வந்து நின்றார்.

"ஒண்ணு கறுத்தது போதும்மா. படகு வர்ற வரைக்கும் யார் வாயிலயும் ஒரு சொட்டு படக்கூடாது. புள்ளைக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

தையல்நாயகி நர்சின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தவங்க காலையில வரைக்கும் தாங்குவாங்க நர்சம்மா. எம்புள்ளை தாங்க மாட்டான். அவனுக்கு மட்டும் கரைச்சுக் குடுங்க."

தன் பிள்ளை என்றதும் எப்படிப் பேசுகிறாள் பார் என்று பின்னால் முணுமுணுத்தார்கள்.

எல்லாரும் குடிக்கலாம் என்கிறாள் ஒருத்தி. யாருமே கூடாது என்கிறார் ஒருவர். என் பிள்ளைக்கு மட்டும் என்கிறாள் இன்னொருத்தி. இப்போது சொல்லுங்கள், இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: ஐஸ் பெட்டிக்குள் தெளிவாக இருந்த குப்பி, தொட்டித் தண்ணீர் நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. ஐஸில் வைத்த பால் உறை ஊற்றினாலும் தயிராகாது. கிருமியும் அப்படித்தான், கதகதப்பு இருந்தால்தான் பெருகும். ஆகவே எல்லாரும் குடிக்கலாம் என்ற செங்கமலம் சொன்னது தப்பு. நன்றாக இருந்தவர்களைக் காலை வரை தடுத்த மட்டில் ஞானப்பிரகாசம் சரி. ஆனால் பேதியில் வற்றிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் தண்ணீர் சந்தேகமானது என்று ஒன்றுமே கொடுக்காமல் விட்டால், கிருமிக்கு முன்னால் வறட்சியே அவனைக் கொன்றுவிடும். கிருமியைக் காலையில் வரும் டாக்டர் பார்த்துக்கொள்வார். தையல்நாயகி கேட்டதுதான் சரி. அவளுக்குக் குப்பியைப் பற்றி எதுவும் தெரியாது. பிள்ளை அழுதபோது அவன் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அந்த மாடியில் அதைப் பார்த்தது அவள் ஒருத்திதான்.