மலைத் தலைவனின் தலை

முன்பு ஒரு நாட்டில் ஓர் இளம் அரசர் பட்டத்துக்கு வந்தார். தந்தை நோயில் கிடந்த காலத்தில் கைநழுவிய எல்லை நாடுகளை மறுபடி அடக்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. தெற்கே படையோடு போனார், பணிந்தார்கள். கடற்கரைக்குப் போனார், அங்கேயும் பணிந்தார்கள். மேற்கு மலைநாடு மட்டும் பணியவில்லை. அதன் தலைவன் பூதன், தளபதி கண்டராயரை அடிவாரத்திலேயே விரட்டிவிட்டான்.

தோற்றுத் திரும்பிய கண்டராயருக்கு, அரசரின் செல்லப்பிள்ளையான விகடகவி விடங்கன் சபையில் சிரித்துக்கொண்டு நின்றது பொறுக்கவில்லை.

"அரசே, விடங்கனின் சாமர்த்தியத்தை ஊரே புகழ்கிறது. மலைக்கு அவனையே அனுப்புங்கள். துணைக்கு ஒரு வீரனும் வேண்டாம்" என்றார்.

கோபத்தில் இருந்த அரசர், "விடங்கா, பூதனின் தலையைக் கொண்டு வா. தவறினால் உன் தலை தப்பாது" என்றார்.

விடங்கன் பயத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"உத்தரவு, அரசே. கொண்டுவந்த தலை யாருக்குச் சொந்தம்?"

"உனக்கே. வேறு எவரும் அதைத் தொட மாட்டார்கள். இது என் வாக்கு."

விடங்கன் தனியாக மலையேறினான். காவலர்கள் பிடித்துக்கொண்டுபோய்ப் பூதன்முன் நிறுத்தினார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான்.

"என் தலைய நானே கொண்டாந்து குடுக்கணுமாக்கும்?" என்றான் பூதன்.

"கழுத்தோட சேர்த்துத்தான். அரசர் வாக்கு இருக்கு. உங்க குறைய இதுவரைக்கும் அவர்கிட்ட யாராவது சொன்னாங்களா?"

பூதன் யோசித்தான். பிறகு கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

சபைக்குள் உயிரோடு நடந்துவந்த பூதனைக் கண்டதும் கண்டராயர் வாளை உருவினார்.

"பொறுங்கள் தளபதியாரே, அது என் தலை" என்று குறுக்கே நின்றான் விடங்கன்.

"நான் தலையைத்தானே கேட்டேன்?" என்றார் அரசர்.

"தலையைத்தான் கொண்டுவந்தேன், அரசே. உடம்பை விட்டுவிட்டு வரும்படி உத்தரவில் இல்லை."

பூதன் முன்னால் வந்து பேசினான்.

"பெரிய ராசாவுக்குப் பணிஞ்சுதான் இருந்தோம். அவரு படுக்கையில விழுந்ததும் இந்தத் தளபதி வந்து எங்க தினைக்காட்ட எரிச்சாரு. அன்னைக்கு விட்டோம் பணியறத."

அரசர் திரும்பிப் பார்த்தார். கண்டராயர் தரையைப் பார்த்தார்.

"விடங்கா, உன் தலையை வைத்து என்ன செய்யப் போகிறாய்?"

"மலைநாட்டுக்கு ஒரு தலை வேண்டுமே, அரசே. தங்கள் பெயரால் ஆளட்டும் என்று அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன்."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். பூதன் மனதாரப் பணிந்தான். அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி விடங்கனுக்குச் சூட்டினார். மறுநாள் மலைநாட்டுக்கு மறுபடியும் ஒரு படை புறப்பட்டது. விதைத்தினை மூட்டைகளைச் சுமந்துபோன அந்தப் படைக்கு முன்னால், முதல் மூட்டையோடு நடந்தவர் கண்டராயர்.